லேசாக்கிய ஃபிளைவீலோடு மூன்று வருடம்

என் பழைய கார்புரேட்டர் மாருதி எஸ்டீம் காரில் ஃபிளைவீலை, அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புச் சக்கரத்தை, எடை குறையக் கடைந்து மாட்டி மூன்று வருடம் ஆகிறது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியபோது இதையும் சேர்த்துச் செய்தேன். லேத்தில் வெளி விளிம்பில் மட்டும் ஒன்றே முக்கால் கிலோ எடுத்து, பேலன்ஸ் பார்த்து மாட்டினார்கள். நடுவில் எடுத்துப் பெரிய பயனில்லை. விளிம்பில் இருக்கும் எடைதான் இன்ஜின் வேகம் சட்டென்று ஏறவும் இறங்கவும் விடாமல் பிடித்து வைக்கிறது.

பவர் கூடும் என்று நம்பி யாரும் இதைச் செய்ய வேண்டாம். குதிரைத்திறன் அதேதான். முதல் இரண்டு கியரில் வண்டி துள்ளி எழும்பும், அவ்வளவுதான். ஆம்பூர் தாண்டி ஹைவேயில் ஐந்தாவது கியரில் போகும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. மைலேஜும் மாறவில்லை.

கஷ்டமெல்லாம் ஊருக்குள். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டும். முன்பு கிளட்சை மெதுவாக விட்டாலே வண்டி நகரும். கனமான சக்கரத்தின் சுழற்சி அந்த ஒரு நொடியைத் தாங்கிவிடும். இப்போது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் விட்டால் உடனே ஆஃப். மே மாத வெயிலில் ஏசியும் ஓடினால் இன்னும் மோசம். ஐடிலை (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 800 ஆர்பிஎம்மிலிருந்து 950-க்கு ஏற்றி வைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் வண்டியை வாங்கிப்போன மச்சினன் பாலத்திலேயே மூன்று தடவை ஆஃப் பண்ணிவிட்டு, "மாமா, கிளட்ச் போயிடுச்சா?" என்று போன் செய்தான்.

ஆனால் ஏலகிரி! அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற, கிளட்சை மிதித்தபடி ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், இன்ஜின் வேகம் அந்த நொடியே ஏறிவிடும். கிளட்சை விட்டால் ஒரு குலுங்கல்கூட இருக்காது. ஏறும்போது மட்டும் கை வேகமாக இருக்க வேண்டும். கியர் மாற்றத் தாமதித்தால் அதற்குள் ஆர்பிஎம் விழுந்து வண்டி உதறும். இந்தப் பழக்கம் வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

செய்வதானால் ஒன்று. வார்ப்பிரும்பை அளவுக்கு மீறிக் கடைந்தால் அதிக ஆர்பிஎம்மில் விரிசல் விட்டுச் சிதறும். பக்கத்தில்தான் உங்கள் கால் இருக்கிறது. இதில் அனுபவம் இல்லாத லேத்தில் கொடுக்காதீர்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு தட்டாக வரும் டூயல் மாஸ் ஃபிளைவீல் என்றால் கடையவே கூடாது.

நான் ஒருவனே ஓட்டுவதாக இருந்தால் இப்படியே வைத்துக்கொள்வேன். ஆனால் மனைவி இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே, அதனால் கடையாத பழைய ஃபிளைவீல் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.