கிருஷ்ணகிரியில் இடுப்பு வலிக்குப் போன பிசியோதெரபி சென்டர்

நான் மாங்கூழ் கம்பெனியில் லோடிங் வேலை பார்க்கிறேன். போன ஜூனில் பெங்களூரா பழம் லாரி லாரியாக வந்து இறங்கிய நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் போன இடத்தில் "வெயிட் தூக்குவீங்களா?" என்று ஒரே கேள்வி, ஒரு பெல்ட், பத்து மாத்திரை, அவ்வளவுதான்.

அப்புறம் தம்பி சொல்லித்தான் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இந்த சென்டருக்குப் போனேன். அங்கிருந்த மேடம் அரை மணி நேரம் என் வேலையைப் பற்றியே கேட்டார். ஒரு கிரேட், அதாவது பழம் அடுக்கிய பெட்டி, எவ்வளவு எடை? நாற்பது கிலோ இருக்கும் மேடம். எவ்வளவு நேரம் குனிவீங்க? நாள் பூரா. எல்லாம் எழுதிக்கொண்டு, "கூட வேலை செய்யுறவரை ஒரு மணி நேரம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ஒரு கிரேட்டைத் தராசிலும் வச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தால் 22 கிலோ. வீடியோவை ஓடவிட்டுக் கணக்குப் போட்டதில் அந்த ஒரு மணி நேரத்தில் குனிந்திருந்தது 17 நிமிடம். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை, வலிக்கிற இடுப்புக்கு அந்தக் கிரேட் நாற்பது கிலோவாகத்தான் தெரிந்தது. மேடமும் என்னைக் குறை சொல்லவில்லை. குனிகிறோமா, தூக்குகிறோமா என்பதை யாரும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள், எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்று கேட்டால்தான் கணக்குத் தப்பும், வலி இருக்கிறவர்கள் கூட்டிச் சொல்வதும் சகஜம் என்றார்.

ஆனால் நான் சொல்லாமலே விட்ட ஒன்று அந்த வீடியோவில் இருந்தது. ஒவ்வொரு கிரேட்டையும் காலை நகர்த்தாமல், இடுப்பை மட்டும் திருப்பி இடது பக்கம் அடுக்குகிறேன். பதினைந்து வருடப் பழக்கம், எனக்கே தெரியாது! 22 கிலோ லேசு என்றும் அவர் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1991இல் திருத்திய ஒரு கணக்குப்படி, எல்லாம் சரியாக அமைந்தாலே 23 கிலோதான் அளவு, இடுப்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் அது இன்னும் இறங்கும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினார்.

எங்கள் கம்பெனியில் முன்பு, வேலை சிரமமாக இருக்கிறதா என்று கேட்டு ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார், அடுத்த சீசனுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லோரும் "சிரமம் இல்லை" என்றே டிக் போட்டோம். அந்த ஃபார்மைப் பார்க்கிறவருக்கு எங்கள் இடுப்பு எப்படித் தெரியும்?

ஒரு தடவைக்கு 300 ரூபாய், ஆறு தடவை போனேன், இப்போது காலைத் திருப்பி வைத்து அடுக்குகிறேன், வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சென்டர் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, வலியோடு ஏறுகிறவர்களுக்காகக் கீழே ஒரு நாற்காலியாவது போடலாம். சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையில் போங்கள், போகும்போது வேலை செய்கிற வீடியோ ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.