ஸ்டீல் கேஸா, பிராஸ் கேஸா? மொதல்ல எந்த ரைபிள்னு சொல்லுங்க

டெக்சஸ்ல வாரக்கடைசி ஆனா துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போற நம்மாளுங்க நாலு பேர் இருக்கோம், அதுல புதுசா ஏஆர்-15 ரைபிள் வாங்குனவன் யாரா இருந்தாலும் ஒரு மாசத்துக்குள்ள வந்து கேக்குறது இதான்: "அண்ணே, அந்த சாம்பல் கலர் ஸ்டீல் கேஸ் ரவுண்டு சீப்பா கெடைக்குதே, போட்டா துப்பாக்கி கெட்டுருமா?" கெடாதுடா, ஆனா ஏஆர்-க்கு ஒரு பதில், ரஷ்ய ஏகே ரைபிளுக்கு வேற பதில்.

விஷயம் கேஸ்ல, அதாவது ரவுண்டுல (தோட்டாவுல) மருந்தையும் குண்டையும் பிடிச்சு வெச்சிருக்கிற கூட்டுல இருக்கு. சுட்டவுடனே உள்ள பிரஷர்ல பித்தளை (பிராஸ்) கேஸ் உப்பி சேம்பர் (ரவுண்டு உக்கார்ற அறை) சுவரோட ஒட்டிக்கும், புகை பின்னால வராம அடைச்சிரும், பிரஷர் எறங்குனதும் லேசா சுருங்கி சுவரை விட்டுரும், எக்ஸ்ட்ராக்டர்ங்கற கொக்கி இழுத்தா வழுக்கிட்டு வந்துரும். ஸ்டீலுக்கு அந்த வளைஞ்சு குடுக்குற குணம் கம்மி. சரியா அடைக்காது, இடுக்கு வழியா கரி பின்னால வந்து சேம்பர்ல படியும், திரும்ப சுருங்குறதுலயும் பித்தளை அளவுக்கு வராது.

அப்ப ரஷ்யாக்காரன் எப்படி இத்தனை வருஷமா ஸ்டீல்லயே ஓட்டுனான்? ஏகே-ல போற 7.62×39 ரவுண்டை ஒண்ணு எடுத்து விரல்ல உருட்டிப் பாருங்க, நேரா உருளாது, வட்டம் போடும், ஏன்னா அடி பருத்து மேல போகப்போக சிறுத்து கேரட் மாதிரி இருக்கும். அப்படி ஒரு கேஸ் துளி பின்னால நகர்ந்தாலே சுத்தி சுவரை விட்டுரும். அதோட ஏகே-வோட எக்ஸ்ட்ராக்டர் தடியா இருக்கும், சேம்பர் தாராளம், கனமான பிஸ்டன் வேற, அதனால அழுக்கு கேஸையும் பிடிச்சு வெளிய வீசிரும். ஏஆர்-ல போற 5.56, .223 சைஸ் கேஸ் கிட்டத்தட்ட நேர் குழாய், பித்தளையை மனசுல வெச்சு செஞ்சது, கடைசி வரைக்கும் உரசிக்கிட்டேதான் வெளிய வரணும்.

என் கதையைச் சொல்றேன். ஒரு நாள் ஏஆர்-ல 200 ஸ்டீல் ரவுண்டு சுட்டேன், ஒரு தடங்கலும் இல்ல, சரி மிச்சத்துக்கு நல்ல சரக்கு போடுவோம்னு தொடைக்காம கொள்ளாம பிராஸ் மேகசினை மாட்டுனேன், பத்தாவது ரவுண்டுல சார்ஜிங் ஹேண்டில் (கேஸை வெளிய எடுக்க கையால இழுக்குற பிடி) பின்னால வரவே மாட்டேங்குது. ஸ்டீல் விட்டுட்டுப்போன கரி மேல பித்தளை உப்பி கவ்விக்கிச்சு. மேகசினை கழட்டி, ஸ்டாக்கை முழுசா உள்ள தள்ளி (இல்லன்னா அது ஒடையும்), அடிக்கட்டையைத் தரையில குத்திக்கிட்டே ஹேண்டிலை இழுத்துப் பாத்தேன், குழல் வாய் என் மொகத்துக்கு நேரா வராம. எக்ஸ்ட்ராக்டர் கேஸோட அடி விளிம்பைப் பிச்சுக்கிட்டு வந்ததுதான் மிச்சம். உள்ள இருக்கிறது சுட்ட கேஸ்தான்னு உறுதி பண்ணிட்டு கிளீனிங் ராடை முன்னாலருந்து விட்டுத் தட்டித்தான் எடுத்தோம். பக்கத்து லேன் பெரியவர் "லாக்கர் வார்னிஷ் உருகி ஒட்டிக்கிச்சு"ன்னாரு, அந்தக் காலத்து பச்சை லாக்கர் பூசுன கேஸ் ஞாபகத்துல. நான் சுட்டது பாலிமர் பூச்சு. ரெண்டுலயும் குத்தவாளி பெரும்பாலும் கரிதான். ஸ்டீல் சுட்டா சேம்பரை பிரஷ் போட்டுட்டு பிராஸுக்கு மாறுங்க.

இதை ஒழுங்கா சோதிச்சும் பாத்திருக்காங்க. லக்கி கன்னர்ங்கற தோட்டா விக்கிற கம்பெனி 2013-ல நாலு ஒரே மாதிரி புஷ்மாஸ்டர் ஏஆர் எடுத்து, ஒண்ணொண்ணுக்கும் ஒரு பிராண்டுன்னு 10,000 ரவுண்டு இலக்கு வெச்சு வெளியிட்டாங்க. ஃபெடரல் பிராஸ்ல கோளாறு பூஜ்யம், ரஷ்ய ஸ்டீல் பிராண்டுங்கள்ல பிரவுன் பேர் 9, வுல்ஃப் 15, டூலா மட்டும் 10,000-ஐ முடிக்கவே இல்ல. 10,000-க்கு 15ன்னா பயிற்சிக்கு ஒண்ணுமே இல்ல. வீட்டுப் பாதுகாப்புக்கு வெச்சிருக்கிற துப்பாக்கியில அந்த 15ஐயும் நான் ஏத்துக்க மாட்டேன்.

அந்த சோதனையில பெரிய அடி வாங்குனது பேரல் (குழல்). அதுக்குக் காரணம் கேஸ் இல்ல, குண்டோட சட்டை. ரஷ்ய சரக்குல குண்டு மேல மெல்லிசு ஸ்டீல், அதுக்கு மேல பேருக்கு ஒரு செம்புப் பூச்சு, பைமெட்டல்னு சொல்லுவாங்க, முழு செம்பை விட பேரலைச் சீக்கிரம் தேய்க்கும். வேகமா சுட்ட அந்த சோதனையில ஸ்டீல் பக்கத்து பேரலுங்க 6,000 ரவுண்டு வாக்குல தேஞ்சு போச்சு, பிராஸ் பேரல் கடைசி வரை தாக்குப்பிடிச்சுது. இண்டோர் ரேஞ்சு பல எடத்துல கவுண்டர்லயே காந்தம் வெச்சிருப்பாங்க, உங்க டப்பாவுலருந்து ஒரு ரவுண்டை எடுத்து குண்டோட மூக்குல அதை வெப்பாங்க, டக்குனு ஒட்டுச்சா, அன்னிக்கு அவங்க விக்கிற ரவுண்டைத்தான் வாங்கிச் சுடணும். தீப்பொறி பறக்கும், பின் தகடு பள்ளமாகும்ங்கறது ஒரு காரணம், கீழ கெடக்குற பித்தளையோட இரும்பு கலந்தா பொறுக்கி விக்க முடியாதுங்கறது இன்னொண்ணு. பழைய இரும்புக் கடையில பித்தளைக்கு ஒரு ரேட்டு இரும்புக்கு ஒரு ரேட்டுதானே, இங்கயும் அதேதான். சுட்ட கேஸ்ல திரும்ப மருந்தும் குண்டும் போட்டு ரீலோட் பண்றவங்களுக்கும் ஸ்டீல் கேஸ் குப்பைதான்.

இப்ப காசு. 2019 வாக்குல .223 ஸ்டீல் ரவுண்டு 20 சென்ட் பக்கம், பிராஸ் 30 பக்கம். 10 சென்ட் வித்தியாசம்னா 5,000 ரவுண்டுக்கு 500 டாலர் மிச்சம், சாதாரண ஏஆர் பேரல் அப்ப 150, 200-க்கு கெடைச்சுது, பேரலை தேய்ச்சுத் தூக்கிப் போட்டாக்கூட லாபம்தான். அதனாலதான் அப்ப எல்லாரும் டப்பா டப்பாவா அடுக்குனோம். 2021 ஆகஸ்ட்ல ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வெச்ச விவகாரத்துக்காக அமெரிக்க அரசு ரஷ்யத் தோட்டாவுக்கு புது இறக்குமதி பர்மிட் கிடையாதுன்னு அறிவிச்சு செப்டம்பர் 7லருந்து அமல் பண்ணுச்சு, கையில இருந்த பழைய பர்மிட் ஓடுன வரைக்கும் சரக்கு வந்துச்சு, அப்புறம் ஸ்டீல் விலை பிராஸை எட்டிப் பிடிக்க ஆரம்பிச்சுது. இடைவெளி 3, 4 சென்ட்னு ஆயிட்டா 5,000-க்கு மிச்சம் 150, 200தான், அது அப்படியே பேரலுக்குப் போயிரும். அப்ப எதுக்கு அந்தக் கரியையும் நாத்தத்தையும் கட்டி அழணும்?

பழைய ராணுவ சர்ப்ளஸ் சரக்கு தனி ஜாதி. 5.45×39 சைஸ்ல 7என்6னு ரஷ்ய ராணுவ ரவுண்டு, சீல் வெச்ச தகர டப்பாவுல 1,080 ரவுண்டு வரும், 2014-ல இறக்குமதியை நிறுத்திட்டாங்க. இன்னும் யார் பரண்லயாவது இருந்து கைக்கு வந்தா அதோட பிரைமர் (அடியில மருந்தைப் பத்தவைக்கிற பகுதி) உப்பு விட்டுட்டுப் போற வகை, அன்னிக்கே தண்ணி ஊத்திக் கழுவி எண்ணெய் போடணும், ரெண்டு நாள் விட்டா துரு. வுல்ஃப், டூலா மாதிரி புது சரக்குல இந்தப் பிரச்சனை இல்ல.

நான் இப்ப என்ன பண்றேன்னா, ஏகே-வுக்கு ஸ்டீல், யோசிக்கிறதே இல்ல. ஏஆர்-க்கு பிராஸ் மட்டும். புதுசா வாங்குற பையன் பிடிவாதமா ஸ்டீல்தான்னு நின்னா, டைட் சேம்பர் துப்பாக்கி வேணாம், 5.56 சேம்பரும் குரோம் பூசுன பேரலும் உள்ளதா பாத்து வாங்குன்னு சொல்லுவேன், சில ஸ்டீல் சரக்குல மருந்து கொஞ்சம் சாதுவா இருக்கும், சுட்ட புகையோட தள்ளு பத்தாம போல்ட் (சேம்பரோட பின்பக்கத்தை அடைக்கிற பாகம்) பாதியிலயே நின்னுரும், அதனால 1,000 வாங்குறதுக்கு முன்னாடி ஒரு 100 வாங்கி சுட்டுப் பாரு, கிளீனிங் ராடை மட்டும் வீட்ல மறந்து வெச்சிட்டு வந்துராதே.