நடுத்தர எஸ்யூவி வாங்கும் முன்: குமரி மாவட்டச் சாலைகளில் நான்கு வண்டிகள்

ஹூண்டாய் கிரெட்டா, மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா எலிவேட், ஃபோக்ஸ்வேகன் டைகுன் ஆகிய நான்கு வண்டிகளையும் விற்பனையகம் தரும் அச்சுத்தாளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எதை எடுப்பது என்று முடிவு செய்யவே முடியாது. தொடுதிரை, பின்பக்கக் கேமரா, பின்னிருக்கைக்கு ஏசி என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வசதிகள்தான் இருக்கின்றன. முழங்கால் வலியுள்ள பெற்றோரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள எங்கள் வீட்டுக்கு வண்டி தேடியபோது, நான்கையும் இந்த மாவட்டத்துச் சாலைகளிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுப்பது என்று உறுதியாக இருந்தேன்.

முதலில் அகலம். கருங்கல், நித்திரவிளை, முன்சிறை பக்கத்துச் சாலைகளில் இருபுறமும் மதில் நிற்கும். எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். டைகுனின் அகலம் 1,760 மி.மீ.; மற்ற மூன்றும் 1,790 மி.மீ. அல்லது அதைச் சற்றே தாண்டியவை. முப்பது மில்லிமீட்டர் என்பது தாளில் அற்பமாகத் தெரிந்தாலும், மதிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அது நன்றாகவே உணரப்படுகிறது. எலிவேட் அகலமான வண்டிதான் என்றாலும் அதன் திருப்பு ஆரம் 5.2 மீட்டர் என்பதால் குறுகிய முக்குகளில் ஒரே மடக்கில் திரும்பிவிடுகிறது. உயர்ந்த வகையில் இடது கண்ணாடியின் கீழுள்ள கேமரா அந்தப் பக்கத்துச் சாலையோரத்தைத் திரையில் காட்டுவது இங்கே உண்மையிலேயே உதவும் வசதி. வெற்று வண்டியாக எலிவேட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, 220 மி.மீ.; கிரெட்டாவுக்கு 190. ஐந்து பேரும் ஏறி, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலையில் உயரமான வேகத்தடையைக் கடக்கும்போது இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

பின்னிருக்கையைச் சோதிக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். விற்பனையகத்துக்கு அவர்களையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். என் தாயார் சேலையுடன் சிரமமின்றி ஏறி இறங்கியது எலிவேட்டில். அதன் கதவு நன்றாக விரிகிறது, இருக்கையும் சரியான உயரத்தில் இருக்கிறது. கிரெட்டாவிலும் கிராண்ட் விட்டாராவிலும் பின்சாய்வைச் சற்றே சரித்துக்கொள்ளலாம் என்பது நெடும்பயணத்தில் பெரிய ஆறுதல். எலிவேட்டில் அது இல்லை என்பது குறைதான். ஆனால் அவ்விரண்டின் உயர்ந்த வகைகளில் வரும் பெரிய கண்ணாடிக் கூரை பின்னால் அமரும் உயரமானவர்களின் தலைக்கு மேலுள்ள இடத்தைக் குறைக்கிறது. நம் வெயிலில் அதைத் திறந்து வைத்து ஓட்டும் நாட்களும் மிகக் குறைவு. டைகுனில் பின்னால் இருவர் சுகமாக அமரலாம். நடுவில் மேடு இருப்பதால் மூன்றாமவர் திணறுவார்.

பேச்சிப்பாறைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் மட்டிப்பழக் குலையும் பலாப்பழமும் ஏற்றாமல் அனுப்ப மாட்டார்கள். டிக்கியின் கொள்ளளவு எலிவேட்டில் 458 லிட்டர், கிரெட்டாவில் 433, டைகுனில் 385. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகையில் மின்கலம் டிக்கியின் அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இரண்டு பெரிய பெட்டிகளுக்கே நெருக்கடி.

எஞ்சின் விஷயத்தில்தான் பலர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி மதுரை, சென்னை என்று அடிக்கடி போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இந்த நான்கில் இல்லை. ஆனால் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் உள்ள டிபிஎஃப் என்னும் புகைவடிகட்டி, படிந்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி சற்று நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாகர்கோவிலுக்குள்ளும் தக்கலை வரைக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. அத்தகையவருக்குக் கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் மிகச் சிறந்தது. நெரிசலில் எஞ்சின் அணைந்து மோட்டாரே வண்டியை நகர்த்துகிறது, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புகிறது. அதன் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ.; சாலையில் அவ்வளவு வராது என்றாலும் மற்றவற்றைவிடத் தெளிவாகவே கூடுதலாக வரும். எலிவேட்டின் 121 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாதது, எளிமையானது, நெடுங்காலம் உழைக்கக்கூடியது. ஆனால் அதன் சிவிடி என்னும் தானியங்கி கியருடன் மேட்டில் ஒரு லாரியை முந்த முயன்றால் வேகத்துக்கு முன்னால் இரைச்சல் வந்துவிடுகிறது. ஓட்டும் இன்பத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் டைகுனின் டர்போ எஞ்சினுக்கே என் வாக்கு.

பாதுகாப்பில், 2022-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தைகள் இரு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டி டைகுன். தானாகப் பிரேக் பிடிப்பது, தடம் மாறாமல் காப்பது போன்ற ஏடாஸ் எனும் ஓட்டுநர் உதவி வசதிக்காக உயர்ந்த வகைக்குப் போக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் அது பயனுள்ளது. கோடுகளே இல்லாத உட்சாலைகளில் தடம் காக்கும் வசதிக்கு வேலையில்லை. எலிவேட்டில் இது கேமராவை மட்டும் நம்பியிருப்பதால், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் கொட்டும் மழையில் அதை நம்பி ஓட்டக்கூடாது. அதைவிட முகப்பு விளக்கை இருட்டிய பிறகு ஒருமுறை சோதித்துப் பார்ப்பது முக்கியம். பகலில் மட்டுமே ஓட்டக் கொடுக்கும் விற்பனையகத்திடம் மாலையிலும் கேட்டு வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, எங்கள் வீட்டுப் பெரியவர்களையும் சாமான்களையும் முன்னிறுத்தி, எலிவேட்டின் மேனுவல் கியர் வகையைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் இருவர் மட்டும் என்றால் ஹைபிரிட்டைத்தான் எடுத்திருப்போம்.

விலை பேசும்போது, தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: 15 லட்சம் ரூபாய் வண்டிக்கு 2.70 லட்சம். காப்பீட்டைத் தங்களிடமே எடுக்க வேண்டும் என்று ஒரு விற்பனையகத்தில் எங்களை மிகவும் வற்புறுத்தினார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது, வெளியிலும் விலை கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் அடுக்கும் துணைப்பொருட்களில் குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் வசிப்பவர்கள் மறுக்காமல் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வண்டியின் அடிப்பகுதிக்குப் பூசும் துருத்தடுப்புப் பூச்சு. அதையும் முதல் மழைக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.