எச்டி வீட்டு வீடியோவுக்கு மெனு: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை மெனுவோடு டிஸ்க்கில் போட்டுவைக்கப் பல வருஷமாக மல்டிஏவிசிஎச்டி என்ற இலவச விண்டோஸ் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். புதுப் பதிப்பு வருவது எப்போதோ நின்றுவிட்டது. திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள், முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனாலும் விட மனசில்லை. கேமரா எடுத்த எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது திரும்பச் சுருக்காமல், மெனுவை மட்டும் சேர்த்துத் தருகிறதே!

பாப்-அப் மெனுதான் இதில் உண்மையான சுகம். டிவிடியில் மெனுவுக்குப் போனால் படம் நின்றுவிடும். இந்த மென்பொருள் தரும் ப்ளூ-ரே (டிவிடிக்கு அடுத்து வந்த எச்டி டிஸ்க்) அமைப்பில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே பட்டியல் வரும். தாத்தா ரிமோட்டை அழுத்தி நேரே தாலி கட்டும் இடத்துக்குப் போய்விடுவார். படத்தின் மேல் வரும் இந்த மெனுவுக்கு 256 நிறம்தான் அளவு. அதனால் பொத்தான்களுக்கு மினுமினுப்பு, நிழல் எதுவும் வைப்பதில்லை. தமிழ்த் தலைப்பைப் பின்னணிப் படத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுவேன். சில டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும், எனவே நான்கு பக்கமும் இடம் விடுவது நல்லது.

ஓரடுக்கு ப்ளூ-ரே டிஸ்க் 25 ஜிபி கொள்ளும். சாதாரண 4.7 ஜிபி டிவிடியிலும் ஏவிசிஎச்டியாக (எச்டி கேமராக்களின் வீடியோ வடிவம்) எழுதலாம். நொடிக்கு 17 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வீடியோ என்றால் 35 நிமிஷம் போலப் பிடிக்கும். பல ப்ளூ-ரே பிளேயர்களில் அது ஓடும். சித்தப்பா வீட்டுப் பழைய டிவிடி பிளேயரில் ஓடாது, கேட்டு வாங்கிக்கொண்டு போனாலும் பயனில்லை.

இப்போது டிஸ்க் கேட்பவர் குறைவு, எல்லாருக்கும் பென்டிரைவ்தான். மெனு அப்படியே வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்க்கின் நகல்) வைத்து வீஎல்சி என்ற இலவச பிளேயரில் திறக்கலாம். 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மெனு வேலை செய்கிறது. ஆனால் கணினி வேண்டும். எம்கேவி என்ற வீடியோ கோப்பு வகையில் மெனு என்று நம்பிப் போட ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, எம்கேவி கோப்பு உருவாக்கும் எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளில் சாப்டர் (வீடியோவின் பகுதி) பெயர்களைத் தமிழிலேயே கொடுத்துவிடுகிறேன்: ஜானவாசம், ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு. வீஎல்சி அவற்றைப் பெயரோடு காட்டும். வீட்டு வீடியோ சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபின் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் சின்னப் படமும் கிடைக்கும், கிட்டத்தட்ட மெனுதான்.

பல டிவிகளில் உள்ள பிளேயர் சாப்டர் பெயரைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த வீடுகளுக்கு, எம்கேவிடூல்நிக்ஸிலேயே சாப்டர்வாரியாகப் பிரித்து, 01, 02 என்று எண் போட்டுப் பெயரிட்டுக் கொடுத்துவிடுகிறேன். டிவி காட்டும் கோப்புப் பட்டியலே போதும், யாரும் மெனு எங்கே என்று கேட்டதில்லை.