அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழும் நாங்கள் இழந்த 14,500 ரூபாயும்: பழைய பதிவு தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன ஆடியில் தொடங்கி தை மாதம் வரை எங்கள் குடும்பம் ஒரே ஒரு காகிதத்துக்காக அலைந்தது. என் அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழ். அதற்காக 14,500 ரூபாயை ஒரு புரோக்கரிடம் கொடுத்தோம். அவர் கொடுத்தது போலி. உண்மையான பதிவு முப்பது வருடமாக ஒரு அலுவலகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதை எடுக்க எனக்கு ஆன செலவு சில நூறு ரூபாயும் மூன்று நாள் பஸ் பயணமும்தான். எங்களைப் போல இன்னொரு வீடு ஏமாறக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அப்பத்தா பெயரில் 62 சென்ட் புஞ்சை, பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தது. அப்பாவுக்கு 71 வயது. "நான் நல்லா இருக்கும்போதே ரெண்டு அத்தைமாருக்கும் சேர்த்துப் பிரிச்சு விட்டுரணும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு முதலில் வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். அதை அந்தக் காலத்தில் யாரும் வாங்கி வைக்கவில்லை.

கிராமத்தில் நடக்கும் இறப்பைப் பதிவு செய்கிறவர் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ). அதனால் முதலில் அவரிடம் போனேன். பழைய பதிவேடுகள் தன்னிடம் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டன என்றார். அங்கே மனுக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் 1993 முதல் 1995 வரை பார்த்தார்கள். அப்பத்தா பெயர் இல்லை. அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்ட புத்தகம் வேறு, கேட்டிருக்க வேண்டிய புத்தகம் வேறு. அது அப்போது எனக்குத் தெரியாது.

தாலுகா அலுவலகத்துக்கு வெளியே, மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வேப்ப மரத்தடியில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன தம்பி, பழைய டெத்தா? விஏஓகிட்ட பாத்தாச்சா?" என்று கேட்டார். பார்த்தாயிற்று, பதிவு இல்லை என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில்தான்.

"பதிவே இல்லைன்னா ஆர்டிஓ ஆர்டர் போட்டுத்தான் தம்பி வாங்கணும். நீங்களா போனா ஒரு வருஷம் இழுக்கும். நம்ம ஆளு உள்ள இருக்காரு. இருபது நாள்ல கையில குடுத்துருவேன்" என்றார். 18,000 கேட்டார், பேசி 14,500க்கு வந்தது. 5,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். மீதி 9,500 ரூபாயை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்றார், கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் யாரு தம்பி ரசீது குடுப்பா" என்று தோளில் தட்டினார். அப்பாவின் ஆறு மாத மருந்துச் செலவு அந்தப் பணம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஓர் இறப்பு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் பதிவே ஆகாமல் இருந்தால், கோட்டாட்சியரின், அதாவது ஆர்டிஓவின், உத்தரவு பெற்றுத்தான் புதிதாகப் பதிய முடியும். அந்த நடைமுறை இருக்கத்தான் செய்கிறது. பாதி உண்மையாக இருந்ததால்தான் நாங்கள் நம்பினோம். விசாரித்துப் பார்த்த என் மைத்துனரும், "ஆமா, ஆர்டிஓ ஆர்டர் வேணும்தான்" என்றார். ஆனால் அந்தப் புரோக்கர் பெயர், தேதி, கணவர் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டவர், ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அப்பத்தா எங்கே இறந்தார் என்ற கேள்வி.

இருபத்திரண்டாம் நாள் சான்றிதழ் வந்தது. அரசு முத்திரை, கியூஆர் கோடு, பச்சை மையில் கையெழுத்து எல்லாம் இருந்தன. போனில் ஸ்கேன் செய்தேன். அரசுத் தளம் போலவே ஒரு பக்கம் திறந்து, அப்பத்தா பெயரையும் தேதியையும் காட்டியது. அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து வருவாய் ஆய்வாளர், அசல்களோடு வரச் சொன்னார். அவர் ஒரு பெண்மணி. சான்றிதழைக் கையில் வாங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சார், இதை யார்கிட்ட வாங்குனீங்க?"

நான் மென்று விழுங்கினேன். அவர் காகிதத்தை மேசைமேல் வைத்து, விரலால் மூன்று இடங்களைக் காட்டினார்.

முதல் இடம், 'இறப்புக்கான காரணம்: மாரடைப்பு' என்று அச்சாகியிருந்த வரி. உண்மையான இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்காது. 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது. பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டிருக்கலாம், ஆனால் யாருக்குக் கொடுக்கும் நகலிலும் அதை வெளியிடக் கூடாது. சான்றிதழில் காரணம் அச்சாகி இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, பதிவு செய்த நாள். அதில் 1994 என்று போட்டிருந்தது. "பதிவே இல்ல, இப்பத்தான் ஆர்டிஓ ஆர்டர்ல பதிஞ்சதுன்னு சொல்றீங்க. அப்போ பதிவு நாள் இந்த வருஷம்தானே இருக்கணும்?" என்றார். இறந்த நாள் வேறு, பதிவு செய்த நாள் வேறு. காலம் கடந்து பதிந்தால் இறந்த நாள் பழையதாகவும் பதிவு நாள் புதியதாகவும் இருக்கும். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது, இறந்த இடம். எங்கள் ஊர்ப் பெயர் போட்டிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பத்தா வீட்லயா இறந்தாங்க?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், மதுரையில. பெரியாஸ்பத்திரியில."

"அப்போ மதுரை மாநகராட்சியிலல்ல தேடணும்? ஊர்ப் பதிவேட்டுல எப்படி இருக்கும்?"

அந்த ஒரு கேள்வியை யாராவது முதல் நாளே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. சொந்த ஊர் எதுவாக இருந்தாலும், இறந்த இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பதிவு ஆகும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தாலும் அது மாறாது. ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் கொடுக்க வேண்டிய பொறுப்பும் ஆஸ்பத்திரியுடையது. அதனால் நமக்கே தெரியாமல் பதிவு ஆகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்னையிலோ கோவையிலோ வேலூரிலோ சிகிச்சைக்குப் போய் இறந்தவர்களின் குடும்பங்கள் ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு இருப்பதை அதற்குப் பிறகு நானே இரண்டு இடங்களில் பார்த்தேன்.

அந்த ஆய்வாளர் நினைத்திருந்தால் எங்கள் மேல் புகார் கொடுத்திருக்கலாம். போலி ஆவணத்தைத் தெரிந்தே உண்மையானது போலக் காட்டுவது தனிக் குற்றம். தெரியாமல் ஏமாந்து வாங்கினோம் என்று விசாரணையில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. 71 வயதில் அவர் ஒரு போலி ஆவண வழக்கில் நின்றிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, சரியான சான்றோடு வாருங்கள் என்றார் அந்த அம்மா. அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இனி உண்மையான பதிவைத் தேடிய கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மாநகராட்சியில் தேடித் தருவார்கள். ஆனால் தேதி வேண்டும். "94, 95 இருக்கும்" என்று போய் நின்றால், ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகத் தேடும் கட்டணம், அதோடு பெரிய நகரத்தில் ஒரு வருடப் பதிவு என்பது சாதாரணம் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலத் தேதி நினைவில் இல்லை. திதி மட்டும் தெரியும். மாசி மாதம் தேய்பிறை ஏகாதசி, சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு. வருடம்தான் குழப்பம்.

வருடத்தைக் கொடுத்தது கருமாதி மொய் நோட்டு. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, 'ஸ்ரீமுக வருடம் பங்குனி மாதம்' என்று நாளோடு எழுதியிருந்தார் என் சித்தப்பா. ஸ்ரீமுக வருடம் என்பது 1993 சித்திரையில் தொடங்கி 1994 பங்குனியில் முடிவது. அப்படியானால் அந்த மாசி 1994இல் வருகிறது. கருமாதி பதினாறாம் நாள். அங்கிருந்து பின்னால் எண்ணி, அந்த வருடச் சிவராத்திரித் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றன. அப்பா அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் யார் எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராக வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் பாதிப் பேர் இப்போது இல்லை.

மொய் நோட்டு இல்லாதவர்கள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், நினைவுநாள் படத்தின் அடியில் எழுதிய தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, மயான ரசீது என்று தேடிப் பாருங்கள். திதி மட்டும் தெரிந்தால் அந்தந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்க்கலாம்.

தேதியோடு மதுரைக்குப் போய், தேடும் கட்டணம் கட்டி மனுக் கொடுத்தேன். முதல் நாள் இல்லை என்றார்கள். அங்கே ஒரு ஊழியர் சொன்ன இரண்டு விஷயங்கள் முக்கியம். பதிவேடு இறந்த தேதி வரிசையில் இருக்காது, பதிவு செய்த வரிசையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் வந்து பதிய சில நாள், சில வாரம்கூட ஆகியிருக்கலாம். அதனால் இறந்த தேதியில் நின்றுவிடாமல் அதற்குப் பிறகும் ஒரு மாதம் வரை பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பெயர். ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் வாயால் சொன்ன பெயர்தான் எழுதப்பட்டிருக்கும். பட்டாவில் 'மீனாள்' என்று இருந்த அப்பத்தா, பதிவேட்டில் 'மீனாட்சி' ஆகியிருந்தார். கணவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

பெயர் வேறுபாட்டை நினைத்துப் பயந்தேன். பெரிய சிக்கல் இல்லை. பதிவில் பிழை இருந்தால் ஆதாரம் காட்டித் திருத்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. எங்கள் விஷயத்தில் கிராம விசாரணையில் இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்தது போதுமானதாக இருந்தது.

சரி, எங்கே தேடியும் உண்மையிலேயே பதிவு இல்லை என்றால்? இறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அதையும் மற்ற ஆதாரங்களையும் வைத்துக் கோட்டாட்சியரிடம் நீங்களே விண்ணப்பியுங்கள். நாள் ஆகும், விசாரணை நடக்கும், ஆனால் நடுவில் ஆள் தேவை இல்லை. இருபது நாளில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த விசாரணை எங்கே நடந்தது, விஏஓ எப்போது வந்து கேட்டார் என்று யோசியுங்கள். எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சமீப வருட இறப்புகள் என்றால் வேலை இன்னும் சுலபம். தமிழ்நாட்டில் பல பதிவுகளை இணையத்திலேயே எடுக்கலாம், சென்னை மாநகராட்சி தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனால் கூகுளில் தேடி முதலில் வரும் தளத்தில் பணம் கட்டாதீர்கள். அரசுத் தளம் போல உருவாக்கிய போலிகள் இருக்கின்றன. எங்கள் கியூஆர் கோடு போனதும் அப்படி ஒன்றுக்குத்தான். முகவரியின் வாலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவும் முடியாது. தமிழ்நாட்டில் பல வருடம் பயன்பாட்டில் இருந்த உண்மையான பதிவுத் தளத்தின் முகவரியே டாட் ஆர்க் (.org) என்றுதான் முடியும். பதிவு செய்த அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

வீட்டில் இப்போதுதான் ஒரு இழப்பு நடந்திருக்கிறது என்றால், அந்தத் துக்கத்திலும் யாராவது ஒருவர் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது, முதல் சான்றிதழும் இலவசம். ஆஸ்பத்திரியில் படிவம் எழுதும்போது ஆதாரில் உள்ளபடியே பெயர் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

எங்கள் பணம் திரும்பி வரவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிபேயில் போன 5,000 ரூபாய்க்கு ஆதாரம் இருக்கிறது, ரொக்கத்துக்கு எதுவும் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது அந்த ஆள் 5,000 ரூபாயைக் கைமாற்றாக வாங்கியதாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் தாலுகா அலுவலகம் பக்கம் போனேன். அவர் அதே மரத்தடியில் இருந்தார். கையில் பையோடு தயங்கி நின்ற ஒரு அம்மாவிடம், "விஏஓகிட்ட பாத்தாச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் எங்கே இறந்தார் என்று கேட்டேன். திருச்சியில் ஆஸ்பத்திரியில் என்றார்.