மெலிந்த வாயுவை எரிக்கத் திறந்த ஃபிளேரா, மூடிய ஃபிளேரா?
பல்லடம் பக்கம் கோழி எருவிலிருந்து பயோகேஸ் எடுக்கும் ஆலையில், தொட்டியில் அம்மோனியா ஏறினால் மீத்தேன் நுண்ணுயிரிகள் சோர்ந்து, வாயு மெலிந்துவிடும். மீத்தேன் 30 சதவீதமே இருக்கும்போது ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 11 மெகாஜூல் வெப்பமே கிடைக்கும். ஜெனரேட்டர் அதை ஏற்காது, அப்படியே காற்றில் விடவும் கூடாது; ஃபிளேர் எனும், வேண்டாத வாயுவை எரித்துத் தீர்க்கும் அமைப்பில்தான் எரிக்க வேண்டும்.

திறந்த ஃபிளேர் என்பது ஒரு குழாய், முனை, வாயுவைப் பற்றவைக்கும் சிறு பைலட் சுடர், அவ்வளவுதான், விலையும் குறைவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும்போது மெலிந்த சுடர் முனையை விட்டு விலகி அணைந்துவிடும். வெளிர்நீலச் சுடர் உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பதால், அணைந்ததைக் காவலாளியும் அறியமாட்டார்.

மூடிய ஃபிளேரில் பீங்கான் இழைப் போர்வை பதித்த உருளைக்குள் சுடர் எரிகிறது. வெப்பமானி காட்டும் அளவுக்கேற்பக் காற்றுக் கதவுகள் தாமே திறந்து மூடி, உள்வெப்பத்தை 1000 டிகிரி செல்சியஸ் அளவில் காக்கின்றன. வாயு மேலும் மெலிந்தால் எல்பிஜி துணை வேண்டியிருக்கும்; அந்தச் செலவு கசக்கத்தான் செய்யும். ஆயினும் நாள்தோறும் எரிக்க வேண்டிய ஆலைக்கு நான் மூடியதையே சொல்வேன். எப்போதாவது ஜெனரேட்டர் பழுதாகும்போது மட்டும் எரிப்பவருக்கு, காற்றுத் தடுப்பும் சுடர் உணரியும் பொருத்திய திறந்ததே போதும்.