கணக்குத் தாளில் கிரேக்க எழுத்து: வேர்டா, ஸீலேடெக்கா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். குறிப்புகளை நானே அடித்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக் கொடுப்பது வழக்கம். போன வருடம் இருபடிச் சமன்பாட்டுத் தாளைக் கொடுத்த அன்று ஒரு பெண் எழுந்து, "சார், ஏ கூட்டல் பி எப்படி சார் மைனஸ் பி பை ஏ ஆகும்?" என்று கேட்டாள். மூலங்கள் ஆல்பா, பீட்டா என்றுதான் நான் அடித்திருந்தேன். தாளில் அந்த இடத்தில் ஏயும் பியும் நின்றன, கெழுக்களும் அதே ஏ, பி. நாற்பது பிரதியும் அப்படியே.

நடந்தது இதுதான். தாள் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை என்று கடைத் தம்பி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றியிருக்கிறார். நான் வருடக்கணக்காக வேர்டில் சிம்பல் எழுத்துருவைப் போட்டு ஏ தட்டினால் ஆல்பா, கியூ தட்டினால் தீட்டா என்று அடித்துவந்தவன். அங்கே கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதை ஆல்பாவாகக் காட்டுகிறது. பாமினியில் அடித்த தமிழை பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் பாமினி உடைந்தால் குப்பையாகத் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம். சிம்பல் உடைந்தால் படிக்கக்கூடிய தவறான கணக்காக நிற்கும். ஆசிரியர் கவனிக்காவிட்டால் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதனால் சிம்பல் போட்டியிலேயே இல்லை. பழைய ஈக்வேஷன் எடிட்டர் 3.0-உம் இல்லை, பாதுகாப்புக் கோளாறு காரணமாக 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே அதை எடுத்துவிட்டது.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஆபீஸ் 2007-இல் கேம்ப்ரியா மேத் எழுத்துருவோடு வந்த வேர்டின் புதிய சமன்பாட்டு வசதி. இதில் கிரேக்க எழுத்து யூனிகோடாகவே (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் முறை) சேமிக்கப்படுகிறது, மேலே சொன்ன விபத்து நடக்காது. கற்றுக்கொள்ள அரை நாள் போதும். மாதம் இரண்டு தாள் அடிப்பவர் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. கேம்ப்ரியா இல்லாத கணினியில், வேறு மென்பொருளில் திறந்தால் அமைப்பு கலையும், அவ்வளவுதான்.

நான் போனது மற்றதற்கு: ஸீலேடெக், கூடவே கணித எழுத்துருக்களைக் கையாளும் யூனிகோடு-மேத் தொகுப்பு. லேடெக் என்பது, கட்டளைகளோடு வெறும் உரையாக அடித்த கோப்பிலிருந்து பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருள்; ஸீலேடெக் அதன் ஒரு வகை. (சாதாரண பிடிஎஃப்லேடெக் யூனிகோடு தமிழைக் கோத்து எழுதாது, தமிழ் வழிக்கு ஆகாது.) காரணம் ஒன்றுதான், அடுத்த வருடம் திறந்து திருத்துவது. அச்சுக்கு மட்டும் என்றால் இரண்டிலிருந்தும் எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் எடுத்துக்கொண்டு போகலாம், கடையில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் என் குறிப்புகள் வருடா வருடம் மாறுகின்றன, பாடத்திட்டம் மாறினால் மொத்தமாக மாறும். லேடெக் கோப்பில் ஆல்பா என்ற பெயரே எழுத்தெழுத்தாக இருக்கிறது. எந்தக் கணினியில் எந்த எடிட்டரில் திறந்தாலும் அது ஆல்பாதான். முதலில் லத்தீன் மாடர்ன் மேத் என்ற கணித எழுத்துரு போட்டேன், கோடுகள் மெலிசு, ஜெராக்ஸில் காமாவின் கால் காணாமல் போனது. ஒரே ஒரு வரியை மாற்றி ஸ்டிக்ஸ் டூ மேத் வைத்தேன், முழுப் புத்தகமும் தெளிவாகிவிட்டது. சமன்பாடு ஒன்றைக்கூடத் தொடவில்லை. வேர்டில் இதே வேலையை நான் நம்பிச் செய்யமாட்டேன்.

சிக்கல்கள் இதிலும் உண்டு. ஃபை என்று அடித்தால் நேர்க்கோடு குத்திய வடிவம் வரும், நாம் கையால் எழுதும் சுழித்த வடிவத்துக்கு வார்ஃபை என்று கேட்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைக்கும் கட்டளையை ஆவணம் தொடங்கும்போது ஓடும்படி போடுங்கள், அதற்கு முன்னால் போட்டால் யூனிகோடு-மேத் அதன் மேல் எழுதிவிடும். அப்புறம், லேடெக்கில் கணக்கை இரண்டு டாலர் குறிகளுக்குள் எழுதுவோம்; அதற்கு வெளியே, தமிழ் வாக்கியத்துக்கு நடுவே கிரேக்க எழுத்தை நேரடியாக ஒட்டினால், தமிழ் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லாதபோது அச்சில் வராது. பிழை என்று நிறுத்தாமல் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ட்ரேஸிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அளவை 3 என்று வைத்தால், 2021 முதல் வந்த டெக்லைவில் (லேடெக்கை நிறுவும் மென்பொருள் தொகுப்பு) அது பிழையாகவே நிற்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரி கட்டாயம்.

கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, வகுப்பு முடிந்த இரவுகளில்தான். லேடெக்கின் இன்னொரு வகையான லுவாலேடெக்கில் ஒரே ஒரு தமிழ்த் தாள் செய்திருக்கிறேன், எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரலைக் குறிப்பிட்ட பிறகு தமிழ் ஒழுங்காக வந்தது, அதை வைத்து அதிகம் சொல்வது சரியில்லை. பழைய சிம்பல் தாள்களில் முக்கோணவியலை முழுக்க மாற்றியாகிவிட்டது. கலப்பெண்கள் பாடம் பாக்கி, அதில் ஒமேகா எல்லாம் டபிள்யூவாகக் கிடக்கிறது, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.